நான்காவது கட்டம்

தேக்கா
சனி, 5 ஜூலை 2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உறைமேல் இருக்கும் கையெழுத்து என்னுடையது அல்ல. என் எழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே போட்டுவிடுவீர்கள் என்று என் வகுப்புத் தோழி ஹுய் மின்னிடம் முகவரியை எழுதச் சொன்னேன். பிரித்துவிட்டீர்கள் அல்லவா? தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

நீங்கள் பாசிர் ரிஸில் மாமி வீட்டுக்குப் போய் முப்பத்திரண்டு நாள் ஆகிறது. கைபேசியில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். உம்மாவின் கைபேசியிலிருந்து பேசினாலும் "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அஞ்சல்காரரை மட்டும் உங்களால் தடுக்க முடியாது என்று நேற்று நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை அப்படியே விட்டுவிட்டு அஞ்சல்தலை வாங்க ஓடினேன்.

முதலில் மன்னிப்பு. வார்டுப் பயிற்சியில் உங்களுக்கு நடந்ததை நீங்கள் அடுக்களையில் உம்மாவிடம் சொல்லி அழுதபோது நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். வேறு ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை இன்னொருவருக்குப் போட இருந்தீர்கள், கடைசி நொடியில் நின்றது என்ற அளவில்தான் கேட்டேன். அதை, நானும் ஹுய் மின்னும் பள்ளிக்காகச் செய்யும் ஆய்வுத் திட்டத்தின் முதல் பத்தியாக எழுதினேன். உங்களைக் கேட்கவில்லை. வீட்டுக் கணினியில் மூடாமல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நீங்கள் படித்தீர்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

நான் உங்கள் பெயரைப் போடவில்லை என்று சொல்ல வந்தேன். சொல்லிப் பயனில்லை என்று இப்போது தெரிகிறது.

இன்னொரு செய்தி இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் திட்டம் தேர்வாகிவிட்டது. தாதிமைக் கல்லூரி ஒன்றின் ஆய்வுப் பிரிவில் ஏழு சனிக்கிழமைகள் நானும் ஹுய் மின்னும் உட்காரலாம். நோயாளிக்குத் தீங்கு வரும் முன்பே தவறுகள் எப்படிப் பிடிபடுகின்றன, எப்படித் தப்பிப் போகின்றன என்று அங்கே ஆராய்கிறார்கள். எங்களைப் பார்த்துக்கொள்பவர் டாக்டர் வைஷாலி. மருந்து எழுதும் டாக்டர் அல்ல, சமூகவியல் டாக்டர். தேர்வுக்குப் போன அன்றே என் திட்டத்தைப் படித்துவிட்டு, "இது யாரோட கதை? அவங்க கையெழுத்து எங்கே?" என்று கேட்டார்.

எனவே ஓர் ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டாலும் பிறகு எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று ஆறாவது வரியில் இருக்கிறது.

உங்கள் கல்லூரியிலிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. செப்டம்பர் 8-இல் தொடங்கும் வார்டுப் பயிற்சிக்குத் திரும்புவீர்களா என்று ஆகஸ்ட் 22-க்குள் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு இடம் போய்விடும். வாப்பா அதைக் குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தண்ணீர் எடுக்கப் போகிற எல்லாரும் அதைப் படிக்கிறோம்.

உங்கள் தங்கை,
தமன்னா


பாசிர் ரிஸ்
புதன், 9 ஜூலை

தமன்னாவுக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து இல்லை.

பெயரைப் போட்டாயா இல்லையா என்பது பிரச்சினை அல்ல. நீ எழுதிய வாக்கியம் எனக்கு மனப்பாடம். "ஒரு பயிற்சித் தாதியின் கவனக்குறைவால்." மருத்துவமனையில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. என் சொந்த வீட்டில், நான் குளிக்கவைத்து, தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள் சொன்னாள்.

கல்லூரிக் கடிதம் பற்றி எனக்கும் மின்னஞ்சல் வந்தது. நான் திரும்பப் போவதாக இல்லை. இங்கே பேரங்காடியில் ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். யாருடைய உயிரும் என் கையில் இல்லை. நன்றாகத் தூக்கம் வருகிறது.

உம்மா சுட்டு அனுப்பிய இறால் வாடா கிடைத்தது என்று சொல்.

மைமூன்


தேக்கா
ஞாயிறு, 13 ஜூலை

அன்புள்ள லாத்தாவுக்கு,

அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன். கணினியில், பள்ளிக்கு அனுப்பிய பிரதியில், ஹுய் மின்னிடம் இருந்ததில், மூன்றிலும். உங்களைக் கேட்காமல் உங்கள் கதையை இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

அந்தச் சொல்லை ஏன் எழுதினேன் என்று யோசித்தேன். தவறு என்றால் பக்கத்தில் அந்தச் சொல் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் தேடி எடுக்கவில்லை. அது சமாதானம் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

நேற்று எங்கள் முதல் சனிக்கிழமை. லாத்தா, நீங்கள் படிக்காவிட்டாலும் எழுதுவேன், இல்லையென்றால் எனக்கு வெடித்துவிடும். அது ஒரு பாவனை வார்டு. உங்கள் கல்லூரியிலும் இருக்கும். ஆறு படுக்கைகள், திரைகள், அழைப்பு மணி எல்லாம் உண்டு. நோயாளிகள்தான் பொய். மூத்தோர் நடவடிக்கை நிலையத்திலிருந்து வரும் தொண்டூழியர்கள் படுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய்ப் பெயர், ஒரு பொய் நோய். தாதிமை மாணவர்கள் வந்து மாத்திரை கொடுக்க வேண்டும். மாத்திரைக்குப் பதில் சர்க்கரை இல்லாத மிட்டாய்.

இரண்டாம் படுக்கையில் ஒலி முகம்மது மாமா என்று ஒருவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர். அவருக்கு எழுதிக் கொடுத்தது முட்டிவலி மட்டும். அவர் நெஞ்சுவலி, கண் மங்கல், மருமகள் மேல் வருத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார். "மாமா, ஸ்கிரிப்ட்ல இருக்குறத மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டர் வைஷாலி. "முட்டிவலிக்கு எவன்மா ஆஸ்பத்திரில படுப்பான்? நம்புற மாதிரி இருக்க வேணாமா லா?" என்றார் அவர்.

நானும் ஹுய் மின்னும் கண்ணாடிக்குப் பின்னால் காதொலிப்பான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு தாள். நான்கு கட்டங்கள். கை கழுவினாரா? மருந்துச் சீட்டைப் பார்த்தாரா? கைப்பட்டையைப் பார்த்தாரா? நோயாளி தன் பெயரைத் தன் வாயால் சொன்னாரா? செய்தால் சரி போட வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. எங்கள் மேசைக்கு நடுவில் ஒரு அட்டைப் பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? ஆய்வுக்கு இல்லை. உங்கள் தங்கையாகக் கேட்கிறேன். அன்றைக்கு என்னதான் நடந்தது?

தமன்னா


பாசிர் ரிஸ்
ஞாயிறு, 20 ஜூலை

தமன்னா,

ஆய்வுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பி எழுதுகிறேன்.

அந்த வார்டில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் சாகுல் ஹமீது, தந்தை பெயர் ஜமால் முகம்மது. இன்னொருவர் ஜமால் முகம்மது, தந்தை பெயர் சாகுல் ஹமீது. உறவு கிடையாது. நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் அதே பெயர்கள் மேலும் கீழும் போய்வரும்.

சாகுல் ஹமீதுக்கு இனிப்பு நீர். காலை உணவுக்கு முன் இன்சுலின். ஜமால் முகம்மதுக்கு அது இல்லை, இடுப்பு எலும்பு முறிவு. முதல் நாள் மதியம் இருவர் படுக்கையையும் மாற்றியிருந்தார்கள். கைப்பட்டையை வருடிப் பார்க்கும் கருவி அன்று பழுது. கண்ணால் பார்த்தோம். "தோம்" என்றால் நானும் அனுப்ரியா அக்காவும். அவர் என்னை மேற்பார்க்கும் தாதி. இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும் என்பது விதி. இருவரும் பார்த்தோம். பட்டையில் சாகுல் ஹமீது இருந்தது, ஜமால் முகம்மதும் இருந்தது. எது முன்னால், எது பின்னால் என்று இருவர் கண்ணிலும் படவில்லை. அடையாள அட்டை எண்ணை அக்கா படிக்க ஆரம்பித்தபோது பக்கத்தில் மணி அடித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அதோடு நின்றது.

நான் பெயரைக் கேட்டேன். படுக்கையில் இருந்தவர் ஆமாம் என்றார். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். ஊசி முனை தோலிலிருந்து ஒரு விரல் தூரம். எதிர்ப் படுக்கையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், "மவளே, என் ஊசி இன்னும் வரலியே" என்றார்.

அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊசியைப் போட்டிருந்தால் அந்தப் பெரியவர் என்ன ஆகியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் இங்கே எழுதவில்லை.

எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி எல்லாவற்றையும் செய்தேன் தமன்னா. கை கழுவினேன், சீட்டைப் பார்த்தேன், பட்டையைப் பார்த்தேன், பெயர் கேட்டேன். எல்லாம் செய்தும் ஊசி தவறான ஆளிடம் போனதென்றால் இனி நான் எதைச் செய்து அதைத் தடுப்பது? அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

இது அனுப்ரியா அக்காவின் கதையும்தான். என் கையெழுத்து மட்டும் போதாது. அதையும் தெரிந்துகொள்.

ரொட்டிக் கடையில் யார் பெயரையும் கேட்க வேண்டியதில்லை. எண்ணைக் கூப்பிடுகிறேன், வந்து வாங்கிப் போகிறார்கள்.

மைமூன்


தேக்கா
திங்கள், 28 ஜூலை

அன்புள்ள லாத்தாவுக்கு,

நன்றி. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டுப் பள்ளிவாசல் நாட்காட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். வாப்பாகூட அங்கே தேட மாட்டார்.

இப்போது நான் சொல்லப் போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் முந்தாநாளிலிருந்து உட்காரவே இல்லை. உம்மா, "என்னடி, வயித்துல பூச்சியா?" என்று கேட்டுவிட்டார்.

சனிக்கிழமை டாக்டர் வைஷாலி எங்கள் இருவர் தாள்களையும் முதன்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதுவரை அறுபது முறை மாத்திரை கொடுத்ததைக் குறித்திருக்கிறோம். முதல் மூன்று கட்டங்களும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. நான்காவது கட்டத்தில்தான் வந்தது வினை. தமிழ் மாணவர் தமிழ்ப் பெரியவருக்கு மாத்திரை கொடுத்தது இருபத்திரண்டு முறை. நான் பத்தொன்பதில் சரி போட்டிருந்தேன். ஹுய் மின் ஆறில்தான் போட்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "அவளுக்குத் தமிழ் தெரியாது டாக்டர், அதான் புரியல" என்றேன். ஹுய் மின் கோபிக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் புரியாது. அதனால அட்டையில எழுதின அந்தப் பேர் மட்டும் காதுல விழுதான்னு கேட்டேன். விழலையே" என்றாள் ஆங்கிலத்தில்.

காணொளியைப் போட்டுப் பார்த்தோம். லாத்தா, அவள்தான் சரி. "வாங்க மாமா, சாப்டீங்களா? மாத்திரை போட்டுக்கலாமா?" என்கிறாள் ஒரு மாணவி. "ஆமா மவளே" என்கிறார் அவர். முடிந்தது. பெயர் எங்கேயும் இல்லை. அதில் நான் சரி போட்டிருக்கிறேன். அடுத்ததிலும் அப்படியே. "அப்பா, இன்னிக்கு வலி எப்படி?" "பரவால்லம்மா." சரி. மற்ற முப்பத்தெட்டு முறையில் சீனத் தாத்தாவிடம், மலாய்ப் பாட்டியிடம், யாராக இருந்தாலும் பெயரைக் கேட்டிருக்கிறார்கள், மூன்றே மூன்று தவிர. தமிழ் மாணவர்களும் அவர்களிடம் கேட்கிறார்கள். நம் பெரியவர்களிடம் மட்டும் கேட்பதில்லை.

ஏன் என்று நான் சொல்லவா? நம் வீட்டில் பெரியவர்கள் பெயரை நாம் எப்போது கேட்டோம்? மாமா என்று கூப்பிட்டுவிட்டால் ஆளைத் தெரிந்த மாதிரி ஆகிவிடுகிறது. மரியாதையாகப் பேசினார்கள், எனக்கும் மரியாதையாகக் கேட்டது, பெயரையும் கேட்டுவிட்டதாக என் காது முடிவு செய்துவிட்டது.

டாக்டர் வைஷாலி, "நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி குறிச்சிருந்தா இது வெளியவே வந்திருக்காது" என்றார். பிறகு வழக்கம்போல, "இருபத்திரண்டு தடவையை வச்சு உலகத்துக்கே சொல்லிடாதே" என்றார். ஆனால் அவரும் மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தார்.

லாத்தா, இதைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. பெயர் கேட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். எந்த வார்த்தைகளில் கேட்டீர்கள்?

தமன்னா


பாசிர் ரிஸ்
வெள்ளி, 1 ஆகஸ்ட்

தமன்னா,

ஆய்வுக்கு இல்லை என்றாய். இது ஆய்வு இல்லாமல் வேறென்ன?

நான் கேட்டேன். மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் அது இருக்கிறது. கல்லூரிக்கு எழுதியதிலும் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு வரை வந்தவளுக்குப் பெயர் கேட்கத் தெரியாதா? கண்ணாடிக்குப் பின்னால் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து மிட்டாய் எண்ணியவள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

இனி எழுதாதே.

மைமூன்


தேக்கா
ஞாயிறு, 10 ஆகஸ்ட்

அன்புள்ள லாத்தாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒன்பது நாள் எழுதாமல் இருந்தேன். ஆனால் இது உங்களைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. நான் செய்த தவறு.

தேசிய தினத்துக்காகப் பயிற்சியை ஒரு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை பிற்பகல் வைத்தார்கள். ஒரு மாணவி உடம்பு சரியில்லை என்று எம்சி எடுத்துவிட்டாள். தொண்டூழியர்கள் சும்மா படுத்திருந்தார்கள். "தமன்னா, உனக்குத்தான் எல்லாப் படியும் தெரியுமே, நீ போய் ஒரு ரவுண்டு கொடுத்துட்டு வா" என்றார் டாக்டர் வைஷாலி. மேலங்கியைப் போட்டதும் நானும் உங்களைப் போல ஆகிவிட்டதாக நினைத்தேன்.

ஒலி முகம்மது மாமாவிடம் போனேன். கை கழுவினேன், இரண்டு முறை. சீட்டைப் பார்த்தேன். பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். "மாமா, முட்டி இப்ப எப்படி? இந்தாங்க, மாத்திரை" என்று நீட்டினேன். அவர் வாயில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடியைத் தட்டும் சத்தம். திரும்பினால் ஹுய் மின் எழுந்து நின்று நான்கு விரலைக் காட்டுகிறாள்.

அன்று யாருக்கும் சொல்லாமல் இரண்டாம் படுக்கைக்காரரையும் ஐந்தாம் படுக்கைக்காரரையும் பெயர் மாற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். பட்டையும் மாறியிருந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை. அவரைத்தான் எனக்குத் தெரியுமே. நான் கொடுத்தது இன்னொருவருடைய மாத்திரை. ஒலி முகம்மது மாமா மிட்டாயைச் சப்பிக்கொண்டே மெல்லச் சாய்ந்து கண்ணை மூடினார். "செத்துட்டேன் மவளே. வீட்டுக்குச் சொல்லியனுப்பு லா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்காவது கட்டத்தைப் பற்றி உலகத்திலேயே அதிகம் பேசியவள் நான். நானே கேட்கவில்லை. அந்த நிமிடத்தில் யாராவது என்னிடம் "பெயர் கேட்டாயா?" என்று கேட்டிருந்தால், கேட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது பொய்யாகவும் இருந்திருக்காது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக இருந்ததே இல்லை, லாத்தா. கவனக்குறைவு என்று நான் எழுதியது அபாண்டம். அந்தச் சொல்லை இனி யாரைப் பற்றியும் எழுத மாட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து எனக்குக் கைக்குட்டை கொடுத்தார். "ஏன் மாமா, நான் பேர் கேக்கலன்னு நீங்க சொல்லக் கூடாதா?" என்றேன். "கேட்டிருந்தா எனக்குக் கோவம்ல வரும்? இத்தன வயசுக்கு அப்புறம் உன் பேர் என்னன்னு ஒரு சின்னப் பொண்ணு கேட்டா, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில நிக்குற மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப எப்படித்தான் கேக்குறது?" என்று நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "எனக்கு என்ன பேர் வச்சாங்கன்னு கேளு. யார் வச்சாங்க, ஏன் வச்சாங்க, எல்லாம் சொல்றேன்."

உடனே செய்து பார்த்தோம். எட்டு மாணவர்கள், மாறி மாறிப் படுத்துக்கொண்ட எட்டுப் பெரியவர்கள். "உங்களுக்கு என்ன பேர் வச்சாங்க?" எட்டுப் பேரும் பெயரைச் சொன்னார்கள். ஒருவர்கூடக் கோபிக்கவில்லை. இரண்டு பேரை நிறுத்தத்தான் முடியவில்லை. அட்டையில் இருந்த பொய்ப் பெயருக்கே ஒருவர் ஒரு பாட்டனைக் கண்டுபிடித்துவிட்டார். "எட்டு போதாது" என்றார் டாக்டர் வைஷாலி. சொல்லிக்கொண்டே தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22-க்கு இன்னும் பன்னிரண்டு நாள். அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

தமன்னா


பாசிர் ரிஸ்
ஞாயிறு, 17 ஆகஸ்ட்

தமன்னா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வேலைக்குப் போகிற வழியில் பேருந்தில் படித்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தேன்.

நடந்துகொண்டே அந்தக் காலையை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அனுப்ரியா அக்காவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. என் குரல் கேட்கிறது. "மாமா, ஊசி போட்டுக்கலாமா?" அவர் குரல் கேட்கிறது. "ஆமா மவளே." அவர் குரலில் ஒரு பெயர் கேட்கிறதா என்று திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை. அது என் அறிக்கையில் மட்டும்தான் இருக்கிறது.

நான் கேட்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டதும் இன்னும் கேவலமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன், நடக்க நடக்க எனக்கு உடம்பு லேசானது. மூன்று மாதமாக, எல்லாம் சரியாகச் செய்தும் தவறு நடந்தது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். ஒன்றைச் செய்யவில்லை. அந்த ஒன்றை நாளைக்கே செய்யலாம்.

அனுப்ரியா அக்காவை அழைத்தேன். நேற்று காத்தோங்கில் சந்தித்தோம். அவர் விநாயகர் கோயிலிலிருந்து நேராக வந்தார், நெற்றியில் விபூதியோடு. கோப்பிக் கடையில் உன் கடிதத்தைக் கொடுத்தேன் (உன்னைக் கேட்காமல், இப்போது நாம் சரிக்குச் சரி). முழுவதும் படித்தார். "நீ கேட்டேன்னு நானும்தான் மைமூன் எழுதிக் கொடுத்தேன். என் காதுலயும் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

செவ்வாய்க்கிழமை இருவரும் போய் அறிக்கையைத் திருத்தித் தரப்போகிறோம். அக்கா பதினொரு வருட வேலையைப் பணயம் வைத்து வருகிறார். என்னிடம் இருப்பது ஓர் இடம், அதுவும் 22-ஆம் தேதிவரை. பொய் அறிக்கை கொடுத்தவள் என்று எடுத்துக்கொண்டால் செப்டம்பர் 8 எனக்குக் கிடையாது. திருத்தாமல் விட்டால் கிடைக்கும். வாப்பாவிடம் இதைச் சொல்லாதே. நானே சொல்வேன்.

ஹுய் மின்னுக்கு என் ஸலாம்.

மைமூன்


தேக்கா
வியாழன், 28 ஆகஸ்ட்

அன்புள்ள லாத்தாவுக்கு,

22 போய்விட்டது. உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மாமியிடம் உம்மா கேட்டால், "பிள்ள ரெண்டு தடவ காலேஜுக்குப் போய்ட்டு வந்துச்சு, ஒண்ணும் சொல்லல" என்கிறார். குளிர்பதனப் பெட்டியிலிருந்த கடிதத்தை வாப்பா எடுத்துவிட்டார். எடுத்து எங்கே வைத்தார் என்றும் தெரியவில்லை. காந்தம் மட்டும் இருக்கிறது.

நாளை எங்கள் ஆய்வறிக்கையைக் கொடுக்க வேண்டும். நாற்பத்தொரு பக்கம். உங்கள் கதை அதில் இல்லை. முதல் பத்தியில் என் கதையை எழுதிவிட்டேன்: "இந்த ஆய்வாளர்களில் ஒருவர், நான்கு வாரம் இந்தத் தவறை எண்ணிய பின், அதையே செய்தார்." என் ஒப்புதல் படிவத்தில் நானே கையெழுத்திட்டு டாக்டர் வைஷாலியிடம் கொடுத்தேன். அவர் சிரிக்காமல் வாங்கிக் கோப்பில் வைத்தார்.

ஒரு நல்ல செய்தி. "என்ன பேர் வச்சாங்க" என்ற கேள்வியை அடுத்த தவணையில் அறுபது பெரியவர்களிடம் முறையாகச் சோதிக்கப் போகிறார்களாம். ஒலி முகம்மது மாமா, "என் கேள்விக்கு என் பேர் வைக்கணும்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எது நடந்திருந்தாலும் எழுதுங்கள் லாத்தா. கெட்ட செய்தி என்றாலும் என்னிடம் முதலில் சொல்லுங்கள்.

தமன்னா


பாசிர் ரிஸ்
செவ்வாய், 9 செப்டம்பர்

அன்புள்ள தமன்னாவுக்கு,

அலைக்கும் ஸலாம். உன் முதல் கடிதத்தின் ஸலாமுக்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன்.

முடிவு தெரியாமல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. சென்ற வியாழக்கிழமைதான் தெரிந்தது. இரண்டு முறை விசாரித்தார்கள். பெயரைக் கேட்டதாக ஏன் எழுதினீர்கள் என்று என்னையும் அக்காவையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னோம். அக்காவுக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை, வேலை இருக்கிறது. எனக்கு இடம் இருக்கிறது. ஒரு நிபந்தனையோடு: என் வகுப்பு முழுவதற்கும் முன்னால் நின்று, நடந்ததை என் வாயால் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சொன்னேன். முடிந்ததும் இரண்டு தமிழ் மாணவிகள் வந்தார்கள். தாங்களும் கேட்டதில்லை என்றார்கள்.

நேற்று முதல் நாள். வேறு மருத்துவமனை, வேறு வார்டு. கருவி வேலை செய்தது, எண்ணும் ஒத்துப்போனது. இருந்தாலும் நான் கேட்க வேண்டும். ஜன்னலோரப் படுக்கையில் ஒரு பெரியவர், நம் ஆள். கை கழுவினேன், சீட்டு, பட்டை எல்லாம் ஆயிற்று. "மாமா" என்று ஆரம்பித்ததும் பழைய கேள்விதான் வாய்க்கு வந்தது. ஆமாம் சொல்லத் தயாராக அவர் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

"உங்களுக்கு என்ன பேர் வச்சாங்க மாமா?"

தலை ஆடுவது நின்றது. தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பலில் வந்த பாட்டன், அந்தப் பாட்டன் பெயரை வைக்கக் கூடாது என்று சண்டை போட்ட பெரியம்மா, ஏழாம் நாள் வரை பெயரில்லாமல் கிடந்த குழந்தை என்று எல்லாவற்றையும் சொன்னார். மேற்பார்வைத் தாதி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், "முகமது யூசுப்" என்றார். "இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து பதினோரு நாளாச்சு, நீதாம்மா மொதல்ல கேக்குறே."

என் கையிலிருந்த மாத்திரை முகமது யூசுப்புக்கு உரியது. கொடுத்தேன். விழுங்கினார். அவருடைய தேநீர்தான் ஆறிப்போயிருந்தது.

அந்தப் பழைய படிவம் என்னிடம் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். உன் டாக்டர் வைஷாலியின் அலுவலகத்துக்கு எழுதிப் புதிதாக ஒன்று வாங்கினேன். உன் அறிக்கை போய்விட்டது என்று தெரியும். அடுத்த தவணை ஆய்வுக்கு உதவட்டும். இதோடு இணைத்திருக்கிறேன். அனுப்ரியா அக்காவின் படிவமும் இருக்கிறது. என்னுடையதில் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. பெயர் எழுதும் கோட்டை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பையோடு வீட்டுக்கு வருகிறேன். நீயே கேட்டு எழுதிக்கொள். முறையாகக் கேட்டால்தான் சொல்வேன்.

உன் லாத்தா